எண்ணிக்கைக்காரி

குப்பனூரில் இறங்கும்போது ஏழே கால்.
மாதப்பன் வயலில் பனி இன்னும் எழவில்லை,
கொத்தமல்லி வாசம் மட்டும் எழுந்துவிட்டது.
பாத்திக்குப் பத்துச் செடி,
செடிக்கு மூன்று கொத்து,
பத்து மடங்கு காட்டும் லென்ஸ்,
நாளுக்கு நானூற்றைம்பது ரூபாய்.
எண்ணுவதுதான் என் வேலை.
கொல்வது இல்லை.

ஒரே மூட்டை விதை.
ஐப்பசி ஐந்தில் ஒரு பாத்தி,
இருபதில் ஒன்று,
மூன்றாவது கார்த்திகை ஐந்தில் என்று தாளில் இருந்தது.
மோட்டார் காயில் எரிந்துபோனது.
சுற்றிக் கொடுத்தவன் கூலிக்காக
மாதப்பன் மனைவியின் கம்மல் பேங்குக்குப் போய்,
பணமாகித் திரும்பி,
கிணற்றில் தண்ணீர் ஏறியபோது
கார்த்திகை இருபத்துமூன்று.
தாளில் தேதிக்குக் கட்டம் இருக்கிறது,
கம்மலுக்கு இல்லை.

தை பாதியில்
முதல் பாத்தி காய் முற்றி, பழுப்பேறி நிற்கிறது.
கொத்துக்கு இரண்டு, மூன்று. சிலதில் சுழியம்.
இரண்டாவதில் பதினெட்டு.
மூன்றாவது இப்போதுதான் பூவெடுக்கிறது,
வெள்ளை வெள்ளையாய், தலை நிறைய.
அந்தப் பூக்காம்பு முழுக்க
பச்சை எள்ளை அப்பியதுபோல் அசுவினி.
தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது,
எறும்பு வரிசை கட்டிவிட்டது.
நூற்று நாற்பதுக்குமேல் கண் கூசி
"அதிகம்" என்று எழுதி அனுப்பினேன்.
நசீமா மேடம் போனில்:
"அதிகம்கிறது ஒரு நம்பரா?"
மறுபடி குனிந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

ஆண் துணை கேட்காத பிராணி.
குட்டியாகவே போடும்,
அந்தக் குட்டி பத்து நாளில் தானும் போடும்.
கொதிக்காத வெயில், உறையாத இரவு,
கொஞ்சம் மேகம், அது போதும்.
முப்பத்திரண்டைத் தாண்டினால் சுருண்டுவிடும்.
இதற்கு நட்சத்திரத்தின் பெயரை வைத்தவர் யாரோ.
என் தங்கைக்கும் அதே பெயர்.
அவளுக்கு மூன்று வருடமாக ஒன்றும் தங்கவில்லை.

"அப்ப அடுத்த வருசம்
மொத்தத்தையும் ஐப்பசி மொதல்லயே போட்டுடலாமா?"
போட்டுடுங்கண்ணே.
"மோட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

பதினொன்றரை பஸ்ஸில் மலைக்கு.
வளைவுக்கு வளைவு காது அடைக்கிறது,
சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி,
ஜன்னலில் குளிர்.
நாகலூரில் சடையன் காட்டிலும்
அதே மூட்டை விதை, மூன்று பாத்தி.
ஊற்றுத் தண்ணீர். தேதி ஒன்றும் தவறவில்லை.
மரத்தில் தொங்கும் வெப்பமானியில்
நேற்றிரவு பதினொன்று.
"கீழ வந்துடுச்சா?" என்கிறார்,
சம்பந்தி வீட்டை விசாரிப்பதுபோல.
வந்துடுச்சு.
"இங்க மாசியில வரும்."
இங்கே கொத்துக்கு மூன்று, நான்கு,
குளிரில் ஒட்டிக் கிடப்பவை,
ஊசியால் நெருடினால்தான் காலை நகர்த்துகின்றன.
வெயில் படியேறிக்கொண்டிருக்கிறது.
குப்பனூரின் தை
மலைக்கு மாசியாக வந்து சேரும்.
அதற்கு ஒரு மாதம்,
எனக்கு ஒன்றேகால் மணி நேரம்.

மூன்றாவது பாத்தி, நான்காவது செடி.
மொட்டு இன்னும் பிரியவில்லை.
நான்கு என்று எழுதிக்கொண்டிருந்தபோது
சேலைமேல் போட்ட சட்டைக் கையில்
இறகு முளைத்த ஒன்று.
எங்கிருந்து ஏறியதென்று எனக்குத் தெரியும்.
எல்லா வளைவையும் என்னோடு கடந்திருக்கிறது.
குப்பனூர் தாளில் எழுதுவதா,
நாகலூர் தாளிலா?
செடிக்குக் கட்டம் இருக்கிறது,
சட்டைக் கைக்கு இல்லை.

விரல் நுனியைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.
அது என் வேலை இல்லை என்று
காலையில்தான் சொன்னேன்.
காற்று ஒரு தரம் அசைந்தது.
கையில் இல்லை.

லென்ஸை மறுபடி வைத்துப் பார்த்தேன்,
நேரம் எடுத்து, ஒவ்வொரு காம்பாய்.
பிறகு நான்கை அடித்துவிட்டு
ஐந்து என்று எழுதினேன்.